பந்தலூர்ப் பொன்: ஒரு மலையூரின் வரலாறும் சான்று காணும் முறையும்

முன்னுரை

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கூடலூருக்கும் கேரள எல்லைக்கும் இடையே, பந்தலூர் என்னும் சிற்றூர் உள்ளது. இன்று அவ்வழியே செல்வோர் காண்பன தேயிலைத் தோட்டங்களும், ஒரு கடைத்தெருவும், ஓயாத மழையுமே. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வூரின் பெயர் இலண்டன் மாநகரத்துப் பங்கு வணிகர் நாவில் நாள்தோறும் வழங்கிற்று என்றால் நம்புதல் அரிது. பொன்னால் எழுந்து, பொன் இன்மையால் கலைந்த ஊர் இது.

தமிழ்த் துறையினர் ஒரு சுரங்க ஊரின் வரலாற்றை ஆராயப் புகுந்தது ஏன் என்னும் வினா எழலாம். மலைநாட்டுப் பொன்னைப் பற்றிச் சங்கச் செய்யுட்கள் கூறுவன யாவும் வயநாட்டுப் பொன்னையே குறிப்பன என்று யாம் சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பறையில் உரைத்தோம். மாணவர் அதனை ஏட்டில் எழுதிக்கொண்டனர். அவருள் ஒருவர் தம் ஆய்வேட்டில் அக்கருத்தை எம் பெயராலேயே எடுத்தாண்டபோதுதான், அதற்குரிய சான்று எம்மிடம் எவ்வளவு உள்ளது என்று எண்ணிப் பார்த்தோம். அவ்வெண்ணமே முதுகலை மாணவர் சிலருடன் எம்மைப் பந்தலூருக்கு அழைத்துச் சென்றது. ஆங்கு யாம் கண்டதும், அதன் பின்னர் நூல்களிற் பயின்றதும், அவற்றால் எம் பழைய கருத்து அடைந்த மாற்றமும் இக்கட்டுரையிற் கூறப்படும்.

மலையும் எல்லையும்

கூடலூரிலிருந்து மேற்கே செல்லும் சாலை நாடுகாணியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மலைச்சரிவில் இறங்கி நிலம்பூரை அடைகிறது. மற்றொன்று தேவாலா வழியாகப் பந்தலூருக்கும் சேரம்பாடிக்கும் செல்கிறது. நாடுகாணி என்னும் பெயர் காரணப் பெயரே. அங்கு நின்று நோக்குவார்க்குக் கீழே நிலம்பூர்ப் பள்ளத்தாக்கு விரிந்து தோன்றும். தென்மேற்குப் பருவக்காற்று நேரே வந்து மோதும் முகப்பாக இம்மலை அமைந்துள்ளமையின், தேவாலாவும் பந்தலூரும் தமிழ்நாட்டில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் வைத்து எண்ணப்படுகின்றன.

நில அமைப்பானும் பழைய ஆட்சியானும் இப்பகுதி வயநாட்டைச் சார்ந்தது. மலபார் மாவட்டத்திற்கு உட்பட்டிருந்த நம்பலக்கோடு, சேரங்கோடு, முனநாடு என்னும் மூன்று அம்சங்கள் 1877இல் நீலகிரியோடு இணைக்கப்பட்டன. ஆட்சி வசதி கருதிச் செய்யப்பட்ட இம்மாற்றம் பிற்காலத்துப் பெரும்பயன் விளைத்தது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, மலபாரில் எஞ்சி நின்ற வயநாடு கேரளத்தைச் சேர்ந்தது. நீலகிரியோடு முன்னரே இணைந்த இப்பகுதி தமிழகத்தில் நின்றது. எனவே, இன்றைய எல்லையை மனத்திற்கொண்டு இம்மலையின் பண்டை வரலாற்றை எழுதப் புகுவார் முதற்படியிலேயே வழுக்குவர்.

பொன் அரித்த மக்கள்

இம்மலையிற் பொன் உண்டு என்பதை ஐரோப்பியர் கண்டுபிடித்தனர் என்று கூறுதல் பொருந்தாது. இச்சரிவிற் பிறந்து நிலம்பூர்ப் பக்கம் இறங்கும் ஆறுகள் சாலியாற்றிற் கலக்கின்றன. அவற்றின் மணலை மரத்தட்டில் இட்டு, நீரில் அலைத்து, மண்ணைக் கழித்து, அடியில் தங்கும் பொற்றுகளை எடுக்கும் தொழில் அங்கு நெடுங்காலமாக நிகழ்ந்தது. 1800-01இல் மைசூர், மலபார்ப் பகுதிகளைச் சுற்றிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், 1807இல் வெளிவந்த தம் நூலில் நிலம்பூர் ஆற்றுப் பொன்னைக் குறிப்பிடுகிறார். அதனைச் சேகரிக்கும் உரிமை ஒரு நாயரிடம் இருந்தது என்றும், அதற்காக அவர் ஆண்டுதோறும் சிறுதொகை செலுத்தினார் என்றும் அவர் எழுதுகிறார்.

உரிமை உடையார் ஒருவர், உழைத்தவர் வேறொருவர். தண்ணீரில் நின்று அரித்தவர் பணியரும் குறும்பரும் போன்ற மலைமக்கள். பணியர் நிலக்கிழார்க்கு அடிமைப்பட்டு உழைத்த குடியினர். எந்த மடுவில் எப்பருவத்திற் பொன் ஒதுங்கும் என்பதை அறிந்தவர் அவரே. ஆயினும் ஆவணங்களில் உரிமையாளர் பெயரும் அதிகாரி பெயரும் உள்ளன. அரித்தவருள் ஒருவர் பெயரேனும் இல்லை.

கும்பினி ஆட்சி இப்பொன்னில் நாட்டம் கொண்டு, 1831இல் நிக்கல்சன் என்னும் படை அதிகாரியை ஆராய விடுத்தது. அம்முயற்சி பயன் தரவில்லை. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பொன்னைப் பற்றிய பேச்சு அடங்கியிருந்தது.

காப்பியின் வீழ்ச்சியும் பொன்னின் எழுச்சியும்

அடங்கிய பேச்சு மீண்டும் எழுந்தமைக்குக் காரணம் பொன் அன்று, காப்பி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வயநாட்டுக் காடுகள் அழிக்கப்பட்டுக் காப்பித் தோட்டங்கள் பெருகின. 1860களில் தண்டு துளைப்பான் என்னும் வண்டு தோட்டங்களை அரித்தது. 1869இல் இலங்கையில் தோன்றிய இலைநோய் விரைவில் தென்னிந்தியாவிலும் பரவிற்று. தோட்டக்காரர் பலர் கடனில் ஆழ்ந்தனர். விற்க முயன்றால் வாங்குவார் இல்லை. மேலே விளைவு பொய்த்தபோது கீழே பொன் இருக்கும் என்னும் நம்பிக்கை பிறந்தமை வியப்பன்று.

ஆஸ்திரேலியப் பொன்வயல்களிற் பழகிய சிலர் அக்காலத்து இம்மலைக்கு வந்து தேடத் தொடங்கினர். அவர்கள் நாடியது ஆற்றுமணற் பொன் அன்று, பாறைப் பொன். குவார்ட்சு என்னும் வெள்ளைக் கல், கரும்பாறையின் பிளவுகளில் நாடா விரித்தாற்போல் நெடுந்தொலைவு ஓடும். அதனை ஈண்டு வெண்கல்வரி என்று வழங்குவோம். பொன் அவ்வரியினுள் கண்ணுக்குப் புலனாகாத் துகளாய்ப் பரந்து கிடக்கும். அதனை வெட்டி எடுத்து, பொறியால் இடித்துத் தூளாக்கி, பாதரசத்தோடு கலந்து பொன்னைப் பிரித்தல் வேண்டும். 1874இல் இத்தொழிலுக்கென ஆல்பா கம்பெனி தோன்றியது. 1875இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சார்ந்த வில்லியம் கிங் தென்கிழக்கு வயநாட்டின் பொன்வயல்களைப் பற்றித் தம் முதற்குறிப்பை வெளியிட்டார்.

அறிக்கை எழுப்பிய ஊர்

1879இல் இந்திய அரசு இராபர்ட் பிரஃப் ஸ்மித் என்பவரை இப்பொன்வயலை ஆராய அமர்த்தியது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா குடியேற்றத்தின் சுரங்கத் துறைச் செயலராகப் பல்லாண்டு பணியாற்றியவர் அவர். அலுவலரைக் கடுமையாக நடத்தினார் என்ற குற்றச்சாட்டின்மேல் நிகழ்ந்த விசாரணைக்குப்பின் 1876இல் அப்பதவியினின்று விலகினார். 1878இல் விக்டோரியாவின் தொல்குடி மக்களைப் பற்றி இரு தொகுதிகள் கொண்ட பெருநூல் ஒன்றையும் வெளியிட்டார். தொல்குடிகளைப் பற்றி நூல் யாத்த ஒருவர், தொல்குடிகள் பொன் அரித்த ஒரு மலைக்கு வந்து சேர்ந்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

அவருடைய அறிக்கை 1880இல் வெளிவந்தது. வெண்கல்வரிகள் எண்ணற்றன, நெடியன, பொன் உடையன என்பது அதன் சாரம். ஆங்காங்கே எடுக்கப்பட்ட கல் மாதிரிகளைச் சோதித்துக் கண்ட அளவுகளும் அதில் இடம்பெற்றன. அறிக்கை இலண்டனை அடைந்ததும் ஒரு பெருவேட்கை கிளர்ந்தது. குறுகிய காலத்துள் இங்கிலாந்தில் 41 கம்பெனிகள் எழுந்தன. அவற்றின் மூலதனம் ஐம்பது இலட்சம் பவுனுக்கு மேற்பட்டது என்று 1908இல் வெளிவந்த நீலகிரி மாவட்டக் குறிப்பேட்டில் டபிள்யூ. பிரான்சிஸ் கூறுகிறார்.

நோயால் அழிந்த காப்பித் தோட்டங்கள் இப்போது பொன்வயல்கள் என்னும் பெயரோடு பெருவிலைக்கு விற்பனையாயின. தோட்டத்தை விற்றவர் பெற்றது மெய்ப்பொன். வாங்கியவர் பெற்றது பொன் உண்டு என்னும் சொல். திரண்ட மூலதனத்திற் பெரும்பகுதி நிலவிலைக்கும் கம்பெனியை எழுப்பியவர் ஊதியத்திற்கும் சென்றது. பாறையை வெட்டுதற்கு எஞ்சியது சிறுபகுதியே.

இக்காலத்திலேயே பந்தலூரும் தேவாலாவும் ஊர்களாகத் தலையெடுத்தன. காடாய்க் கிடந்த இடத்தில் வீடுகளும் விடுதியும் கடைகளும் தோன்றின. பாறை இடிக்கும் பெரும்பொறிகள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து, மாட்டு வண்டிகளில் மலையேறின. மலைக்காய்ச்சலுக்குப் பெயர்பெற்ற அக்காட்டில் கூலியாட்கள் குழி தோண்டினர். பொன் எடுக்கும் முன்னரே பொன்னூர் எழுந்துவிட்டது. இதனாற் பந்தலூரை உண்டாக்கியது பொன் அன்று, ஓர் அறிக்கையே என்று கூறுதல் மிகையாகாது.

ஊர் கலைந்த வகை

பொறிகள் நிறுவப்பட்டுப் பாறை இடிக்கப்பட்டபோது உண்மை வெளிப்பட்டது. கிடைத்த பொன் எதிர்பார்த்த அளவினும் மிகக் குறைந்திருந்தது, தொழிற்செலவிற்கே போதவில்லை. கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆட்கள் அகன்றனர், பொறிகள் கிடந்த இடத்திலேயே துருவேறின. பத்தாண்டு நிறைவதற்குள் வேட்கை முற்றும் தணிந்தது. 1901இல் ஹேடன், ஹாச் என்னும் நிலவியலார் இருவர் வயநாட்டுப் பொன்வயல்களை மீள ஆராய்ந்து நூல் வெளியிட்டனர். அவர் முடிபும் நம்பிக்கை தருவதாக அமையவில்லை.

பிழை யாண்டு நேர்ந்தது? மழையும் காற்றும் பன்னூறாயிரம் ஆண்டுகள் தாக்குதலால் வெண்கல்வரியின் மேற்பகுதி சிதைகிறது. உடனிருக்கும் பிற பொருள்கள் கரைந்து நீங்க, பொன் கரையாது அங்கேயே தங்குகிறது. ஆகவே மேற்பகுதி இயல்பினும் செறிவுடையதாய்த் தோன்றும். ஆழம் செல்லச் செல்லப் பொன் குறைவதோடு, கந்தகம் கலந்த இரும்புக் கல்லினுள் அது சிக்குண்டு கிடப்பதால் பாதரசத்திற்கும் எளிதிற் பிடிபடாது. மழை மிக்க இம்மலையில் அச்சிதைவும் மிகுதி. மாதிரிகள் பொய்யல்ல, அவற்றிற் கண்ட பொன்னும் பொய்யன்று. பகுதியை முழுமைக்கு அளவுகோலாகக் கொண்டதே பிழை. ஒளிரும் கல்லைத் தெரிந்தெடுக்கும் கண்ணுக்கு ஒளிராத கல் புலப்படுவதில்லை.

கோலாரோடு ஒப்பு

இதே காலத்தில் மைசூர் நாட்டுக் கோலாரிலும் பொன்வேட்கை எழுந்தது. 1880இல் அங்குத் தோன்றிய மைசூர்ப் பொற்சுரங்கக் கம்பெனியும் தொடக்கத்திற் பெரும்பொருளை இழந்து, மூடும் நிலையை எய்தியது. எஞ்சிய பொருளைக் கொண்டு ஆழத் தோண்டியபோது வளம் மிக்க வரி தட்டுப்பட்டது. அதன்பின் கோலார் உலகப் புகழ் எய்தியது. 1902இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்னாற்றல் அங்குக் கொண்டுசெல்லப்பட்டது. குழிகள் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றன. தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்தனர். 2001இல் அச்சுரங்கம் மூடப்பட்டது.

இரண்டையும் ஒப்பிடுவார் ஒன்றை எளிதில் மறப்பர். 1880இல் இரண்டு இடங்களுக்கும் கூறப்பட்ட சொற்கள் ஒரே தன்மையன. ஒன்று பலித்தமையால் அதனைக் கூறியவர் தொலைநோக்கினர் ஆயினர். மற்றொன்று பொய்த்தமையால் அதனைக் கூறியவர் வஞ்சகர் எனப்பட்டனர். உண்மையில் இருவர் கையிலும் இருந்தது ஆழம் காணாத சான்றே. முடிவு மெய்யானமை ஒன்றே முறை செம்மையானமைக்குச் சான்றாகாது.

யாம் கண்ட பந்தலூர்

யாம் தைத்திங்களில், மழை ஓய்ந்த பருவத்திற் சென்றோம். தேவாலாவைக் கடந்ததும் சாலையின் இருபுறமும் தேயிலை. எமக்கு வழிகாட்டிய முதியவர் இலங்கை மலையகத்திற் பிறந்து, இளமையில் இங்கு வந்து, தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். அவர் தேயிலைச் செடிகளினிடையே ஒற்றையடிப் பாதையில் எம்மை அழைத்துச் சென்று, புதர் மூடிய ஓரிடத்தில் நிறுத்தினார். ஒரு மாணவர் முன்னே அடியெடுத்து வைக்க, அவர் தோளைப் பற்றி இழுத்துவிட்டு, கல் ஒன்றை எடுத்துப் புதருக்குள் எறிந்தார். கல் விழுந்த ஓசை நெடுநேரம் கழித்துக் கேட்டது. அது பழைய பொற்குழி. "இதுக்குள்ள மாடு விழுந்திருக்குங்க ஐயா, பொன்னு வந்ததை எங்க ஆளுங்க யாரும் கண்டதில்லை" என்றார் அவர். வேறோரிடத்தில் பாறையைக் குடைந்த சுரங்கவழி ஒன்றைக் காட்டினார். வாயில் முழுதும் பெரணி படர்ந்திருந்தது. உள்ளிருந்து குளிர்ந்த காற்றும் வௌவால் நாற்றமும் வந்தன.

இக்குழிகள் இன்னும் உயிர் கொள்கின்றன. வறுமையால் உந்தப்பட்டுச் சிலர் மறைவாக அவற்றுள் இறங்கிக் கல்லை வெட்டி, பாதரசத்தாற் பொன் பிரிக்க முயல்வதும், மண்சரிவாலும் நச்சுக்காற்றாலும் இறப்பதும் செய்தித்தாள்களில் அவ்வப்போது வருவன. 1880இல் அச்சான ஓர் அறிக்கையின் விளைவு அந்நூற்றாண்டோடு முடியவில்லை என்பதற்கு இவ்விறப்புகளே சான்று.

முதியவர் இங்கு வந்த வரலாறும் ஈண்டுக் கூறற்பாலது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத் தமிழருள் ஐந்தேகால் இலட்சம் பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவ்வாறு வருவோர்க்கு வாழ்வளித்தற்பொருட்டு 1968இல் அரசு தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. பின்னர்த் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக வளர்ந்த அத்திட்டத்தின் தோட்டங்கள் பந்தலூர், சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம் ஆகிய இடங்களில் அமைந்தன. இம்மக்களின் முன்னோர், காப்பி செழித்த காலத்தில் தமிழகத்திலிருந்து இலங்கைக்குக் கூலிகளாகச் சென்றவர். இலைநோய் இலங்கையிற் காப்பியை அழித்தபோது அங்குத் தேயிலை வந்தது. அம்மக்கள் தேயிலைக் கூலிகளாயினர். அதே நோய் வயநாட்டுக் காப்பியை அழித்தபோது இங்குப் பொன்வேட்கை வந்தது. ஒரு நோயின் இரு விளைவுகளும் நூறாண்டு சுற்றி வந்து, பந்தலூரில் ஒரு தேயிலைச் செடியின் அடியில் ஒரு பொற்குழியின் விளிம்பிற் சந்தித்தன.

அவர் வாழ்வும் இங்கு நிலைத்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. இலங்கையில் மலையகத் தமிழர் இந்தியர் எனப்பட்டனர். இங்கு அவரைச் சிலோன்காரர் என்று அழைக்கின்றனர். இம்மலையின் நிலவுரிமையும் தெளிவுற்றதன்று. நிலம்பூர்க் கோவிலகத்தார் முதலியோரின் சன்ம உரிமையை நீக்குதற்கு 1969இல் கூடலூர் சன்ம நிலங்களைப் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. அதனைச் சார்ந்த வழக்குகள் பல பதிற்றாண்டுகள் நீடித்தன. உழைப்பவர் ஒருவராகவும் உரிமை பெற்றவர் வேறொருவராகவும் இருத்தல் புக்கானன் காலந்தொட்டு இம்மலையின் இயல்பாக உள்ளது.

இலக்கியச் சான்று

இனி, எம் பழைய கருத்தினை ஆராய்வோம். அதற்கு அடிப்படையாக யாம் கொண்டது நற்றிணை 391ஆம் செய்யுள். நன்னனது கொண்கான நாடு பொன் தோன்றும் நாடு என அச்செய்யுள் சுட்டுகிறது. கொண்கானம் மேலைக்கடற்கரை நாடு. வயநாட்டிலும் பொன் உண்டு. ஆகவே அப்பொன் இப்பொன்னே என்பது எம் வாதம். ஆயின் அச்செய்யுளில் உடன்கூறப்படும் ஏழில் குன்றம், அறிஞர் பலரும் உடன்பட்டவாறு, கண்ணூருக்கு வடக்கே கடலை ஒட்டி நிற்கும் ஏழிமலை. வயநாட்டுப் பந்தலூரோ அதற்குத் தென்கிழக்கே நெடுந்தொலைவில் உள்ளது. இரண்டையும் ஒன்றாக்குதற்கு இடைநிலைச் சான்று ஒன்றும் யாம் காட்டவில்லை.

மாறாக உள்ள சான்றுகளை யாம் ஒளிராத கற்களாக ஒதுக்கிவிட்டோம். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து அங்காடிப் பொருள்களை நிரல்படக் கூறுமிடத்துப் பொன்னை வடமலைக்கு உரியதாக்குகிறது. குடமலைக்கு உரியனவாக அது கூறுவன சந்தனமும் அகிலும். அகநானூறு 149ஆம் செய்யுள், யவனர் கலங்கள் முசிறிக்குப் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதைக் கூறுகிறது. கலங்களில் வந்த பொன் தோணிகளாற் கரை சேர்ந்தது என்பது புறநானூறு 343ஆம் செய்யுளின் செய்தி. சேரநாட்டிற்குப் பொன் கடல்வழியே வந்தது என்பதை இவை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டுகின்றன. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை நால்வகைப் பொன்னைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்றாகிய சாம்பூநதம், மேருமலையைச் சார்ந்த புராண ஆற்றின் பெயரால் வழங்குவது. இவ்வகைப் பெயரைக்கொண்டு ஒரு சுரங்கத்தின் இருப்பிடம் காணல் இயலாது.

ஆற்றுமணற் பொன்னை அரிக்கும் தொழில் மிகப் பழமையானதாக இருத்தல் கூடும். அதனை மறுப்பது எம் கருத்தன்று. ஓரிடத்து ஒளிரும் ஓர் அடியை எடுத்து, அதனால் ஒரு நாட்டின் வரலாற்றை அளக்கும் முறையையே மறுக்கின்றோம். பிரஃப் ஸ்மித் கல்லிற் செய்த பிழையை யாம் சொல்லிற் செய்தோம். அவருடைய பிழையை நம்பினோர் பொருள் இழந்தனர். எம்முடைய பிழையோ ஒரு மாணவர் ஏட்டில் ஏறிவிட்டது. ஆங்கிருந்து வேறு ஏடுகளுக்குச் செல்லும் ஆற்றலும் அதற்கு உண்டு. ஆதலின் எம் பழைய கருத்தினை ஈண்டு வெளிப்படையாகக் கைவிடுகின்றோம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். பந்தலூரின் எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் அடிப்படைக் காரணம் அதன் பொன்வளம் அன்று. காப்பித் தொழிலின் நலிவும், பகுதியை முழுமையெனக் கொண்ட ஓர் அறிக்கையும், அதனைப் பயன்கொண்ட வணிகமுமே. இம்மலையின் வரலாற்றில் அறிக்கை எழுதியோரும் பங்கு விற்றோரும் பெயர் பெற்றனர். பொன் அரித்த பணியரும் குறும்பரும், குழி தோண்டிய கூலியாட்களும் பெயரின்றி மறைந்தனர். எனவே வட்டார வரலாறு எழுதுவோர் ஆவணத்தின் எல்லையோடு நில்லாது, இன்று அங்கு வாழும் மக்களின் வாய்மொழியையும் திரட்டுதல் வேண்டும். மூன்றாவதாக, இலக்கியச் சான்றைக் கையாள்வோர் தம் கருத்திற்கு இயைந்த அடியை மட்டும் எடுத்தல் சாலாது. இயையாத அடிகளையும் உடன் நிறுத்தி நிறைகாணல் வேண்டும்.

எமக்கு வழிகாட்டிய முதியவர், எறிந்த கல் அடியைத் தொடும்வரை ஒரு சொல்லும் பேசாது செவி சாய்த்து நின்றார். ஓசை கேட்ட பின்னரே குழியின் ஆழத்தைப் பற்றிக் கூறினார். ஆய்வாளர் அவரிடம் கற்கத்தக்கது அதுவே.